கூடை, கூடைக்குச் சட்டை, சட்டைக்குப் பதக்கம்

கேள்வி: 1997இல் கணவரின் வேலைக்காக ஒஹையோவுக்கு வந்தோம். அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டு அம்மாள் தன் வீட்டில் நடந்த, லாங்கபெர்கர் என்ற கம்பெனியின் கூடைகளைக் காட்டி விற்கும் விருந்துக்கு அழைத்தார். ஊரில் என் அம்மா ஒயர் கூடை பின்னுவார். அந்த நினைப்பில்தான் முதல் கூடையை வாங்கினேன். 2007 வரை வாங்கிக்கொண்டே இருந்தேன். இப்போது 143 கூடைகள். துணி லைனர், பிளாஸ்டிக் உறை, மரமூடி, கைப்பிடியில் தொங்கவிடும் 86 டை-ஆன்கள், இரும்பு ஸ்டாண்டுகள் எல்லாம் சேர்த்து 11,600 டாலர் செலவழித்ததாக என் நோட்டு சொல்கிறது. 2001இல் வந்த விலைக் கையேட்டைப் பார்த்துக் கூட்டியபோது அன்றைக்கு இருந்தவை மட்டுமே 14,000 டாலர் பெறும் என்று இருந்தது. இப்போது கணவர் ஓய்வு பெறுகிறார். நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு அருகே இரண்டு படுக்கையறை வீட்டுக்குப் போகிறோம். மகளுக்கு ஒரு கூடைகூட வேண்டாமாம். கணவர், "உன் பென்ஷன் பேஸ்மென்டில் இருக்கிறதே, எடுத்து வா" என்று கேலி செய்கிறார். இவை என்ன விலை போகும்? கம்பெனி மூடிவிட்டதால் இனிமேல் விலை ஏறுமா? நான் ஏமாந்துவிட்டேனா? (பக்கத்து வீட்டு அம்மாள் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த ஒரு பழைய கூடையும் இருக்கிறது. அவருடைய மாமனார் காலத்தியது, முத்திரை எதுவும் இல்லை. கராஜில் தோட்டக் கையுறைகள் போட்டு வைத்திருக்கிறேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

பதில்:

அன்புள்ள சகோதரி,

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. நீங்கள் அனுப்பிய பட்டியலை வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பொறுமையாக ஓராண்டு உட்கார்ந்து விற்றால் 1,500 டாலர் அளவுக்குக் கிடைக்கலாம். மொத்தமாகத் தள்ளிவிட்டால் அதிலும் பாதிதான். நேரில் பார்க்காமல் சொல்வது இது. வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இது 5,000 ஆகாது, 14,000 ஆகவே ஆகாது.

பழைய பொருள்களுக்கு விலை மதிப்பிடும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அந்த விலைக் கையேட்டை நம்பியவன்தான். கொலம்பஸ் அருகே ஒரு வீட்டில், இறந்துபோன தாயாரின் 60 கூடைகளைக் கையேட்டைப் பார்த்தே மதிப்பிட்டு, பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்தேன். பிறகு வீட்டுச் சாமான் விற்பனை நடந்தது. இரண்டாம் நாள் மாலை, பாதி விலைக்கும் போகாத கூடைகளை மேசை மேல் அடுக்கி வைத்துவிட்டு மூத்த மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. என் காகிதத்தை நம்பி, கூடைகளை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். தம்பிக்குப் பணமாகக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: போன மாதம் யாராவது கையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார்களா, எவ்வளவு கொடுத்தார்கள்.

நீங்களும் பார்க்கலாம். ஈபேயில் உங்கள் கூடையின் பெயரைப் போட்டுத் தேடினால் 80 டாலர், 120 டாலர் என்று வரும். அது விற்பவர்களின் ஆசை. பக்கத்தில் உள்ள வடிகட்டியில் 'விற்றவை' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதே கூடை லைனரோடும் உறையோடும் 12 டாலருக்கும் 18 டாலருக்கும் போயிருப்பது தெரியும். அதிலும் அனுப்பும் செலவு தனி. கூடைக்குள் இருப்பது காற்று. அஞ்சல் நிறுவனங்கள் பெட்டியின் அளவைப் பார்த்துக் கட்டணம் போடுகின்றன. 15 டாலர் கூடைக்கு 17 டாலர் அனுப்புகூலி கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கம்பெனி மூடினால் விலை ஏறும் என்று எதிர்பார்த்தவர் நீங்கள் மட்டுமல்ல. 2018 மே மாதத்தில் லாங்கபெர்கர் செயல்பாட்டை நிறுத்தியபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் இதே கேள்விதான். ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் விற்பனை 100 கோடி டாலர். அந்த ஒரே ஆண்டில் எத்தனை கூடைகள் வெளியே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் பழத்துக்கும் துணிக்கும் பயன்படுத்தியிருந்தால் பாதி உடைந்து கிழிந்திருக்கும். ஆனால் "இது சேகரிப்பு" என்று சொல்லி விற்றதால் யாரும் பயன்படுத்தவில்லை. எல்லோரும் உறை போட்டு அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். 40 வயதில் வாங்கியவர்கள் இப்போது 65, 70 வயதில் ஒரே சமயத்தில் வீட்டைச் சுருக்குகிறார்கள். அத்தனை கூடைகளும் கறை படாமல், ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகின்றன. வாங்க வேண்டிய தலைமுறையோ உங்கள் மகளைப் போல "வேண்டாம்மா" என்கிறது. 2019இல் வேறொரு நிறுவனம் அந்தப் பெயரை வாங்கி மறுபடியும் விற்கத் தொடங்கியது. ஆகவே "இனிமேல் கிடைக்காது" என்ற பேச்சும் போயிற்று.

ஏமாந்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பொய்யும் மெய்யும் கலந்து கிடக்கின்றன.

மெய்யை முதலில் சொல்கிறேன். ஒஹையோவின் டிரெஸ்டன் ஊரில் ஒரு கூடைத் தொழிற்சாலை இருந்தது. ஜே. டபிள்யூ. லாங்கபெர்கர் 1919இல் அங்கே தொழில் பழகச் சேர்ந்தார். அந்தப் பகுதியில் மண்பாண்டத் தொழில் பெரிது. சட்டி, ஜாடிகளை ஏற்றி அனுப்பப் பெரிய மரக்கூடைகள் தேவைப்பட்டன. அதாவது அவை சுமைக் கூடைகள். யாரும் அவற்றுக்குச் சட்டை தைத்துப் போடவில்லை. அட்டைப்பெட்டி வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. 1970களில் அவருடைய மகன் டேவ், கடைகளில் இறக்குமதிக் கூடைகள் நல்ல விலைக்குப் போவதைக் கண்டார். அப்பாவிடம் சொல்லி ஒரு டஜன் கூடைகளைப் பின்ன வைத்து விற்றுப் பார்த்தார், உடனே போய்விட்டன. அதிலிருந்து கிளைத்ததுதான் நிறுவனம். மேப்பிள் மரத்தை வேகவைத்து, மெல்லிய பட்டையாக உரித்து, ஈரப்பதத்தோடு கையால் பின்னினார்கள். உங்கள் பேஸ்மென்டில் இருக்கும் ஏதாவது ஒரு கூடையைத் தலைகீழாகத் திருப்புங்கள். நிறுவனத்தின் முத்திரை சூடு வைத்துப் பொறித்திருக்கும். அதன் அருகே பின்னியவரின் பெயரெழுத்துகளும் தேதியும் பேனாவால் எழுதியிருக்கும். ஒரு மனிதர் அந்தத் தேதியில் உட்கார்ந்து அதைப் பின்னினார். விலை என்ன ஆனாலும் அதில் மாற்றம் இல்லை.

பொய், பின்னலில் இல்லை. அதைச் சுற்றிக் கட்டியதில் இருந்தது. உங்கள் நோட்டிலிருந்து 1999 அக்டோபர் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். கூடை 42 டாலர். அதற்குள் விரிக்கும் துணி லைனர் 16. துணி அழுக்காகாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை 9. மேலே மரமூடி 22. கைப்பிடியில் கட்டித் தொங்கவிட பூசணிக்காய் வடிவத்தில் ஒரு டை-ஆன் 8. ஆக 97 டாலர். கூடையின் விலையைவிடக் கூடைக்குச் செய்த அலங்காரம் அதிகம்! நான் இந்தத் தொழிலில் பார்த்த மிகக் கெட்டிக்கார வியாபாரம் இதுதான். கூடை ஒருமுறை வாங்கினால் முப்பது வருடம் உழைக்கும். அப்புறம் அந்த வாடிக்கையாளரிடம் எதை விற்பது? துணிக்குப் பருவந்தோறும் புது நிறம் உண்டு. டை-ஆனுக்கு மாதந்தோறும் புது உருவம் உண்டு. லைனர் இல்லாத கூடை அரைகுறையாகத் தெரியும்படி அட்டவணையில் படம் போட்டார்கள். உங்கள் 86 டை-ஆன்களும் இப்படித்தான் சேர்ந்தன. ஒரு பேரனுக்குக்கூட விளையாடக் கொடுக்க முடியாத 86 சின்னஞ்சிறு பீங்கான் பதக்கங்கள்.

இரண்டாவது உத்தி விருந்து. கடையில் போய் வாங்க முடியாது. யாராவது ஒருவர் வீட்டில் கூட்டம் கூட வேண்டும். விற்பனையாளர் வந்து காட்டுவார். விருந்து நடத்தும் வீட்டுக்காரிக்கு மட்டுமே கிடைக்கும் கூடைகள் தனியாக உண்டு. அதற்காகவே நீங்களும் ஒரு விருந்து வைத்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வீட்டில் நீங்கள் வாங்கியதால் உங்கள் வீட்டுக்கு அவர் வந்து வாங்கியிருப்பார். நம் ஊரில் இதற்கு மொய் என்று பெயர். மொய் நோட்டு வைத்திருக்கும் வீட்டில் யாரும் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை. புது ஊரில், பனிக்காலத்தில், பேச ஆள் கிடைக்காத ஒரு பெண்ணுக்கு மாதம் ஒரு மாலை நாலு பேரோடு உட்கார்ந்து காப்பி குடிக்கக் கிடைத்ததற்கு நீங்கள் கொடுத்த மொய் இந்த 11,600. பத்து வருடத்துக்கு வகுத்துப் பார்த்தால் மாதம் நூறு டாலருக்குள்தான் வருகிறது. உங்கள் கணவர் அந்தப் பத்து வருடத்தில் கோல்ப் ஆடினாரா? ஆடியிருந்தால் அவருடைய நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூன்றாவது உத்தி, 'இந்த மாதம் மட்டும்', 'இத்துடன் நிறுத்தப்படுகிறது' என்பவை. இது லாங்கபெர்கர் கண்டுபிடித்ததல்ல. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து, கூடவே "சேகரிப்புப் பொருள்" என்று பெயர் சூட்டி விற்கும் எல்லோருடைய வழக்கமும் இதுதான். பீனி பேபி பொம்மைகளை 1993இல் கொண்டுவந்த டை (Ty) என்ற பொம்மை நிறுவனம், ஒவ்வொரு பொம்மையையும் ஒரு நாள் 'ஓய்வு பெற்றது' என்று அறிவிக்கும். அந்தக் காலத்தில் உடனே அதன் விலை எகிறும். 1999இல் லாஸ் வேகாஸில் விவாகரத்து செய்துகொண்ட ஒரு தம்பதி, சேகரித்த பொம்மைகளைப் பிரித்துக்கொள்ள உடன்படாமல், நீதிபதியின் உத்தரவுப்படி நீதிமன்றத் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்த புகைப்படம் உலகெங்கும் வந்தது. அந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றை இன்று பழைய சாமான் கடையில் கூடையோடு அள்ளிக்கொண்டு வரலாம். எதை முதல் நாளிலிருந்தே எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்களோ அது அரிதாவதில்லை. பழைய பொருள்கள் விலை போவதற்குக் காரணமே, அவற்றின் காலத்தில் அவற்றை யாரும் மதிக்காமல் தூக்கி எறிந்ததுதான்.

உங்களுக்கு ஓர் ஆறுதலும் சொல்ல வேண்டும். ஒஹையோவின் நெவார்க்கில் 16ஆம் எண் சாலையில் போகும்போது அந்தக் கூடை வடிவக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழு மாடி. அவர்களுடைய 'மீடியம் மார்க்கெட்' என்ற கூடையை 160 மடங்கு பெரிதாக்கியது போன்ற அமைப்பு. மேலே இரண்டு கைப்பிடிகள், பனிக்காலத்தில் அவற்றின் மேல் ஐஸ் உறைந்து சேதம் ஆகாமல் இருக்கச் சூடேற்றும் வசதியோடு. 1997இல், நீங்கள் ஒஹையோவுக்கு வந்த அதே ஆண்டில், 3 கோடி டாலரில் கட்டித் திறந்தார்கள். 2016இல் ஊழியர்கள் வெளியேறினார்கள். 2017 கடைசியில் விற்றபோது கிடைத்தது 12 லட்சம். நூறு டாலருக்கு நான்கு டாலர். உங்களுக்கு நூறுக்குப் பதின்மூன்று கிடைக்கப்போகிறது. கூடை விற்றவர்களைவிடக் கூடை வாங்கிய நீங்கள் தேவலை.

இனி என்ன செய்வது?

பேஸ்மென்டில் இருப்பவற்றின் உறைகளையும் லைனர்களையும் இன்றே கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் 12 டாலரும் வராது. மேப்பிளுக்கு எண்ணெய், மெழுகு எதுவும் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்காதீர்கள். எழுத்து அழிந்தால் கூடையின் ஜாதகமே அழிந்த மாதிரி. லைனர்களைத் துவைத்துக் காயவைத்து, நிறம் வாரியாக மடித்து வையுங்கள். எலாஸ்டிக் இழுத்தால் நொறுங்குகிற லைனர்களைத் தயங்காமல் கழித்துவிடலாம்.

பிறகு மூன்று குவியல் போடுங்கள். முதல் குவியலில் உங்களுக்கு நினைவிருக்கும் கூடைகள் மட்டும் போகட்டும். முதலில் வாங்கியது, மகள் பிறந்த ஆண்டுக் கூடை, தோழி கொடுத்தது. பத்துக்குள் நிறுத்துங்கள். நியூ ஜெர்சி வீட்டில் அவற்றைத் தரையில் இறக்கிப் பயன்படுத்துங்கள். மீடியம் மார்க்கெட் கூடை வெங்காயத்துக்கோ உருளைக்கிழங்குக்கோ தாராளமாகக் காணும். காற்று புகும் பின்னல். நான் என் வீட்டில் வைத்திருக்கும் ஒரே லாங்கபெர்கர் கூடையில் பழைய செய்தித்தாள் இருக்கிறது.

இரண்டாவது குவியலைப் பார்க்கக் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பின்னியவை, தந்தையின் நினைவாக 1983 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்ட ஜே. டபிள்யூ. வரிசை, விற்பனையாளர்களுக்குப் பரிசாக மட்டும் கொடுத்தவை ஆகியவற்றுக்கு இன்னும் வாங்க ஆள் உண்டு. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவை ஐந்தோ ஆறோதான் தெரிகின்றன. அவற்றைத் தனித்தனியாக விற்கலாம். ஆண்டுதோறும் வந்த கிறிஸ்துமஸ் கூடைகளும், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக 1995 முதல் வந்த ஹொரைசன் ஆப் ஹோப் கூடைகளும் இந்தக் குவியலில் சேராது. நல்ல நோக்கத்துக்காகவே வாங்கினீர்கள். ஆனால் ஏராளமாக விற்றதால் எங்கும் கிடைக்கின்றன.

மற்றதெல்லாம் மூன்றாவது குவியல். இதை ஒஹையோவிலேயே விற்றுவிட்டுப் போங்கள். நியூ ஜெர்சிக்கு ஏற்றிச் சென்றால் லாரி வாடகையை அவை ஈடுகட்டா. டிரெஸ்டனும் நெவார்க்கும் அருகில் இருப்பதால் இங்கேதான் இன்னும் ஓரளவு மதிப்பு. வீட்டுச் சாமான் விற்பனை நடத்தித் தருபவர்கள் பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வார்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை மதிப்பிட வருபவரே "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்றால் கதவைக் காட்டுங்கள், மதிப்பிடுகிறவர் வாங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். டை-ஆன்களைப் பத்துப் பத்தாகக் கட்டி விற்றால் போகும். தனித்தனியாகப் போனால் உங்கள் நேரத்துக்குக் கட்டுப்படி ஆகாது.

தானமாகக் கொடுக்க நினைத்தால் வரிக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. பொருளாகக் கொடுத்த தானம் 500 டாலரைத் தாண்டினால் 8283 படிவம் நிரப்ப வேண்டும். 5,000 டாலரைத் தாண்டியதாகக் காட்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். எதுவானாலும் காட்ட வேண்டியது இன்றைய சந்தை விலை. 2001 கையேட்டை நீட்டி 14,000 என்று எழுதும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள நஷ்டத்தையும் கழிக்க முடியாது. சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, கராஜில் கையுறை போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் கூடை. உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய அந்த வரிகள்தான். முத்திரை இல்லை, மாமனார் காலத்தியது என்கிறீர்கள். அந்த மாமனார் டிரெஸ்டன் பக்கத்துக்காரரா, பாண்டத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரா என்று அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் தொலைபேசியில் கேளுங்கள். அது பாண்டம் சுமந்த பழைய கூடையாக இருக்கலாம். எங்கோ ஒரு தோட்டக்காரர் பின்னிய சாதாரணக் கூடையாகவும் இருக்கலாம். பார்க்காமல் நான் ஆசை காட்ட மாட்டேன். கையுறைகளை எடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் நான்கு படங்கள் எடுங்கள்: அடிப்பக்கம், விளிம்பைச் சுற்றிய கட்டு, கைப்பிடி உடலோடு சேரும் இடம், உள்பக்கம். உள்ளே களிமண் மாதிரி வெளுத்த தூள் ஏதாவது படிந்திருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். துடைத்துவிட வேண்டாம்.